குற்றமில்லாத உயிர்

நான் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, கோலா சாவா பக்கம் நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு சமணப் பெண் துறவி வந்தார். வெள்ளைச் சேலை, வாயை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. சென்னைக்காரர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசினார். சைக்கிள் ஓட்டப் பழகுவதுபோல அகிம்சையையும் பழக வேண்டும் என்பது அவருடைய குருவின் கொள்கையாம். கோயில் மண்டபத்தில் மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார். முடிவில் எல்லாரையும் எழுப்பி உறுதிமொழி எடுக்க வைத்தார்: "குற்றமில்லாத எந்த உயிரையும் துன்புறுத்த மாட்டேன்."

எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் அப்பா. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோயில் கமிட்டியிலும் இருந்தார். சொன்னதோடு விடவில்லை. விடிந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்தார். தூண்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார். பொறியில் விழுந்த எலியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் விட்டுவிட்டு வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துரும்லா அது," என்று அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவர் எதிரில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

சில வாரம்தான். ஒரு சாயங்காலம் லாரி பழுதாகி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். குழம்பு ஆறியிருந்தது. பழையபடி கை ஓங்கினார். முதல் அடி விழுந்ததும் அம்மா சுவரோரம் ஒதுங்கி, "எலியக்கூட அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே," என்றாள்.

அப்பா ஒரு கணம் நின்றார். நிஜமாகவே யோசித்தார்.

"குத்தமில்லாத உயிரத்தான்னு சொன்னேன். நீ என்ன குத்தமில்லாதவளா?"

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அடுத்த முறை துறவி வந்தபோது, அம்பாங்கானில் ஒரு மண்டபத்தில் பெரிய கூட்டம். அப்பாவை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். எலிக் கதையைச் சொன்னார், கைதட்டினார்கள். அந்தப் புழுக்கத்தில் அம்மா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் துறவி எங்களிடம் வந்தார்.

"வீட்டில் இப்போது அமைதியாக இருக்கிறதா அம்மா?"

"எறும்பக்கூட மிதிக்க மாட்டாருங்க."

"உங்களை?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, சற்றுத் தள்ளி யாருடனோ கைகுலுக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். "வேன் வந்துருச்சுங்க," என்றாள். துறவி அவள் கையைப் பிடித்தார். வலித்திருக்க வேண்டும், அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் வேனில் ஏறிவிட்டோம்.

அம்மா செய்த குற்றம் எது என்று நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அவள் திருத்திக்கொள்வாள், எலிக்கும் எறும்புக்கும் கிடைத்தது அவளுக்கும் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அவள் சமைப்பதை, துணி துவைப்பதை, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதையெல்லாம் கவனித்தேன். உப்புக் கூடியதா, குரல் உயர்ந்ததா, வாசலில் அதிக நேரம் நின்றாளா? சில நாள் அடுப்பை அணைத்துவிட்டும் அங்கேயே அசையாமல் நின்றுகொண்டிருப்பாள். தியானம் செய்கிறாள் என்று எண்ணிக்கொள்வேன்.

அவளும் அந்தக் குற்றத்தையேதான் தேடிக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.