ஆறு கிலோமீட்டருக்கு ஒரு டீசல் வண்டி

பெட்ரோல் வண்டி எடுப்பதா, டீசல் வண்டி எடுப்பதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. பேசியதெல்லாம் நான்தான். அப்பா ஒரே ஒருமுறை வாயைத் திறந்தார். "நாம ஓட்றது கிட்டக்கத்தானம்மா. பெட்ரோலே போதாதா?" என்றார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். அப்பாவுக்கு எழுத்து வராது, எண்கள் மட்டும் வரும். இரண்டு பத்திகளின் அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வடக்குப்பட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பெண்கள் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களை ஒரகடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் ஷிஃப்ட் முடிந்தவர்களைத் திரும்ப ஏற்றி வருவதும்தான் அப்பாவின் தொழில். பழைய பெட்ரோல் வேனில் பல வருடம் ஓட்டினார். அதன் இன்ஜின் போன பிறகுதான் இந்தப் பேச்சு வந்தது. மஞ்சள் போர்டு போட்ட ஏழு சீட் வண்டி, செகண்ட் ஹேண்ட். ஒரே மாடலில் பெட்ரோலும் டீசலும் கிடைத்தன.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இப்போது கார் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். டீசல் இன்ஜின் ஏன் குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடுகிறது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை.

வண்டி விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், சர்வீஸ் செலவு, டயர் எல்லாவற்றையும் போட்டேன். தினம் ஓடும் தூரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்று ஒரு கட்டத்தில் நிரப்பினேன். போக ஆறு, வர ஆறு, நாலு தடவை. தினமும் இவ்வளவு ஓடினால் டீசல்தான் லாபம் என்று எல்லோரும் சொல்வதுதான், என் கணக்கும் அதையே சொன்னது. அந்த நாற்பத்தெட்டு எட்டுத் துண்டாக ஓடுகிறது என்பதற்கு என் அட்டவணையில் இடமே இல்லை. அப்பா கிட்டக்க என்று சொன்னது அதைத்தான்.

முதல் நாலைந்து மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஒருமுறை டேங்க் நிரப்பினால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு பங்க் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். வண்டி நின்றால் இன்ஜினும் நிற்க வேண்டும். ஹாஸ்டல் வாசலில், ரேஷன் கடை முக்கில், மெயின் ரோடு ஏறும் இடத்தில், பெண்கள் வந்து ஏறும் அந்த ஒரு நிமிடத்துக்குக்கூடச் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். அதை நான் மிகவும் பாராட்டினேன். டீக்கடையில் அவர் என்னைப் பாராட்டினார். "எம்பொண்ணு கணக்கு போட்டு எடுத்த வண்டி" என்று அவர் சொல்வதை நான் கடந்து போகும்போது கேட்டிருக்கிறேன். கேட்காதது போல நடந்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"ஆஃப் பண்ணதுக்கப்புறமும் இன்ஜின் ஃபேன் ஓடிக்கினே கீதும்மா. நிக்கசொல்ல தானா உறுமுது. ஒரு மாதிரி வாடையும் வருது. இன்னான்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று வீட்டில் நான் சொன்னதே கிடையாது. சூடு ஏறியிருக்கும், உறுமினால் உடனே ஆஃப் பண்ணிவிடு என்றேன். அடுத்த மாதம் மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிவதாகச் சொன்னார். சென்சார் கோளாறு, இந்த மாதிரி வண்டிகளில் சகஜம் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

வண்டி படுத்த அன்று நானும் அதில் இருந்தேன். அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். முன் சீட்டில் நான், பின்னால் ஹாஸ்டல் பெண்கள் ஐந்து பேர். மெயின் ரோட்டில் ஏறிய கொஞ்ச தூரத்தில் இன்னொரு விளக்கு எரிந்தது. அப்பா மிதிக்க மிதிக்க வண்டி முப்பதுக்கு மேல் ஏறவில்லை. கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டின. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எப்போதும் கேலி பேசுகிறவள், "அண்ணாச்சி, எறங்கி நடந்தா நாங்க முந்திப் போயிருவோம் போலுக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மணி பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர்கள் கம்பெனியில் ஆறு மணிக்கு மேல் உள்ளே போனால் அந்த மாத வருகைப்படி போய்விடும். அங்கேயே இறங்கி, ஏற்கெனவே நிரம்பியிருந்த ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் லேட் விழுந்தது.

நான் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வாலாஜாபாத் போகும் ரோட்டில் இருக்கும் சின்ன இடம். மெக்கானிக் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்க, புகைபோகும் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதைச் சூடாக்கி எரித்துக்கொள்ளும். அதற்குக் கால் மணி, இருபது நிமிடம் விடாமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். அந்த உறுமலும் வாடையும் ஃபேனும் எரிக்கும்போது வருபவை. பாதியில் அணைத்தால் எரிந்தும் எரியாமலும் கரி அப்படியே தங்கிவிடும். மறுபடி எரிக்க அது இன்னும் டீசல் குடிக்கும். கரி அடைத்துக்கொண்டால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் பாடப்புத்தகத்தில் இந்த வடிகட்டி இல்லை. அது பழைய புத்தகம். ஆனால் ஃபோனில் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

"டெய்லி இன்னா ரன்னிங்?" என்று கேட்டார் மெக்கானிக்.

அப்பா சொன்னார்.

"ஆறு ஆறு கிலோமீட்டரா ஓட்றதுக்கு எவன்பா உனுக்கு டீசல் எடுக்கச் சொன்னது? பெட்ரோல் எடுத்திருந்தா நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு இருப்ப."

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் எடுத்தேன். அணைச்சி அணைச்சி ஓட்டி நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார். மெக்கானிக் சிரித்தார். நான் கீழே சிந்தியிருந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வண்டியை நிற்க வைத்தே இன்ஜினை முடுக்கிக் கரியை எரித்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் ஹாஸ்டலில் காலை ட்ரிப்பை மணிமங்கலத்துக்காரர் ஒருவரின் வேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். டிரைவருக்கு வயதாகிவிட்டது, புது மாதிரி வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று வார்டன் அம்மா சொன்னதாகப் பெண்கள் சொன்னார்கள். அப்பா முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். ஒரு கீறல் விழ விட்டதில்லை. அந்த ஒரு பெயர்தான் அவருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வார்டனிடம் கேட்கப் போனபோது நானும் போனேன். வராந்தாவில் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு பேசுவதைப் பார்த்ததும் நான் நடுவே புகுந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டீசல் எடுக்கச் சொன்னது நான். விளக்கு எரிகிறது என்று அவர் என்னிடம் சொன்னார், ஒன்றும் இல்லை என்று சொன்னதும் நான். உறுமினால் உடனே அணைக்கச் சொன்னதும் நான். அவர் பெட்ரோல்தான் கேட்டார்.

வார்டன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யார் தப்பா இருந்தா எனக்கு இன்னாம்மா? புள்ளைங்க டைமுக்குள்ள கம்பெனி கேட்டாண்ட இருக்கணும். மத்தியான ட்ரிப்ப அவரே ஓட்டட்டும். காலையில அந்த வேனே வரட்டும், பாக்கலாம்" என்றார்.

வண்டியில் ஏறிய பிறகு அப்பா கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டது போல, இனிமேல் உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"உன்ன யாரு பேசச் சொன்னது? எனக்கு ஓட்டத் தெரியலன்னா நாலு நாளு பேசுவான், மறந்துடுவான். படிச்ச பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னா அது நிக்கும்மா."

பிறகு வண்டியைக் கிளப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாருடைய பெயரை யாருக்காகக் கெடுத்தேன் என்று புரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க அப்பா எல்லாஞ் சொன்னாவக்கா. வண்டியக் கெடுத்தது அவுகதானாம். அவுகளக் காப்பாத்தணும்னு நீங்க ஒங்க மேல போட்டுக்கிட்டியளாம். சொல்லும்போது அவுகளுக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டு."

இல்லை, உண்மையிலேயே நான் செய்த தப்புதான் என்றேன். நான் போட்ட அட்டவணையைப் பற்றிச் சொன்னேன், விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் பாசமாகச் சிரித்துக்கொண்டே கேட்டாள். "இப்படி ஒரு புள்ள எங்கக்கா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.