ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்று சொன்னால், வெளி மாநிலத்துக்காரர்கள் இன்றும் எங்களைப் பாவமாகத்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. இது தெரியாத யாரோ ஒரு புண்ணியவான், கல்லூரிப் பெண்கள் காற்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தை பக்கத்து மாநிலத்து ஈப்போவில் ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்துவிட்டார். பெற்றோர் எல்லாரும் வந்து பார்க்க வசதியாக இருக்குமாம்.

என் அத்தை எங்கள் ஊரான பீடோங்கில் பள்ளி வேன் ஓட்டினார். சுற்றியிருந்த எஸ்டேட்டுகளின் பிள்ளைகள் பதினான்கு பேரைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார். மூன்றாம் ஆண்டில் படித்த நானும் அவர்களில் ஒருத்தி. அத்தையின் ஒரே மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கல்லூரி அணியில் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரி. மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஆகவே மைதானத்தில் அக்காவுக்கென்று கைதட்ட இருந்தவர் அத்தை ஒருவர்தான்.

இந்த மாதிரிப் போட்டிகளில் ஜெயித்தால்தான் அடுத்த ஆட்டம். அதனால் எதையும் முன்கூட்டியே திட்டம் போட முடியாது. வெள்ளிக்கிழமை காலிறுதிக்கு அத்தை ஈப்போ போய்த் திரும்பினார். ஜெயித்தார்கள். ஹோட்டலில் தங்கக் கட்டுப்படியாகாது என்று, சனிக்கிழமை அரையிறுதிக்கும் அப்படியே போய்த் திரும்பினார். மறுபடியும் ஜெயித்தார்கள். வேனுக்கு ஏர்கான் போட எடுத்து வைத்திருந்த காசெல்லாம் பெட்ரோலுக்கும் டோலுக்கும் போய்விட்டது.

"இவ தோத்தா தேவலன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன் அண்ணி" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வேறு யாராவது கூட்டிப் போகட்டும் என்றார் அம்மா. அத்தை ஏற்கெனவே இரண்டு வேன்காரர்களிடம் கேட்டுப் பார்த்திருந்தார். யார் வேனிலும் இடமில்லை.

"அம்மா அப்பா ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போற வீடுங்க. பிள்ளைங்க ஸ்கூல் கேட்டுல நின்னா யாரு பாக்கிறது?"

ஆகவே கணக்கு இப்படிப் போடப்பட்டது. காலை ஏழேகாலுக்குப் பிள்ளைகளை இறக்கியதும் கிளம்பினால் பத்துக்குள் ஈப்போ. பதினொன்றுக்குத் திரும்பினால் ஒன்றேகாலுக்குப் பள்ளி வாசல். மூன்று நாளாக ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிடுவார் என்று பயந்த அம்மா, எனக்குக் காய்ச்சல் என்று வகுப்பாசிரியருக்குத் தகவல் அனுப்பிவிட்டு என்னைத் துணைக்கு ஏற்றிவிட்டார். என் வேலை வாயை மூடாமல் பேசிக்கொண்டே வருவது. வாயாடி என்று பெயர் வாங்கியதற்காக எனக்கு விடுமுறை கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்து சேரவில்லை. அவர் வந்து, பேசி, எல்லாருக்கும் கைகொடுத்து முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில், ஒரு கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அக்கா எங்களுக்கு நேர் முன்னால் நின்று, வந்த பந்தையெல்லாம் விரட்டினாள். அத்தை கத்திய கத்தலில் முன் வரிசையில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பதினொரு மணி ஆனதும் அத்தை எழுந்தார். முதல் பாதி கூட முடியவில்லை. யாரும் கோல் போடவில்லை. "இன்னும் அஞ்சு நிமிசம் அத்தே" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மைதானத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன்.

வேனில் ஏறியதும் கைத்தொலைபேசியை என் மடியில் போட்டார்.

"மெசேஜ் வந்தா நீ பாரு. ஜெயிச்சாலும் சொல்லாத, தோத்தாலும் சொல்லாத. அப்புறம் ரோட்டுல கவனம் இருக்காது. பிள்ளைங்கள எறக்கி விட்டப்புறம் சொல்லு."

வழியில் தைப்பிங்கைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் செய்தி வந்தது. கூடவே ஒரு குட்டி வீடியோ. சத்தத்தைக் குறைத்துவிட்டு மூன்று தடவை பார்த்தேன். அதற்கப்புறம் என் கதைகளை நிறுத்திவிட்டேன். எதைப் பேச ஆரம்பித்தாலும் அதுதான் வாயில் வந்து நின்றது. ஓர் அம்மாவுக்குத் தன் மகள் ஜெயித்தாளா என்று கேட்கத் தோன்றாதா என்று உள்ளுக்குள் பொருமினேன். இன்று நானும் வண்டி ஓட்டுகிறேன். கையெட்டும் தூரத்தில் அந்தச் செய்தி கிடக்க, ஒரு மணி நேரம் சாலையை மட்டும் பார்த்து ஓட்ட என்னால் முடியாது. அத்தையால் முடிந்தது.

ஒன்றேகாலுக்கு ஒரு நிமிடம் முன்பாக வேன் பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள், புழுக்கம் என்று முனகினார்கள். அத்தை ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையிலும் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குள் நுழைகிறவரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். கடைசிப் பிள்ளையும் இறங்கியபின் செம்பனை மரங்களுக்கு நடுவே வேனை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார். கையை நீட்டினார்.

"இப்ப குடு பாப்பா."

கடைசி நிமிடம். கார்னரிலிருந்து வந்த பந்தை அக்கா தலையால் முட்டுகிறாள். கோல்! அதுவரை ஒரு கோல்கூடப் போட்டிராத அக்கா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளைப் பார்த்து ஓடி வருகிறாள். வந்தவள் சட்டென்று நின்று, அங்கும் இங்கும் பார்க்கிறாள். அதற்குள் மற்றவர்கள் வந்து அவள்மேல் விழுகிறார்கள்.

அத்தை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அத்தே, இது நாம உக்காந்திருந்த எடம்லா! அக்கா நம்மளப் பாத்துதான் ஓடியாராங்க! இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா நேர்லயே பாத்திருக்கலாம்!"

"ஆமாலா பாப்பா" என்றார் அத்தை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேனைக் கிளப்பினார்.

அவர் கண் பார்க்காமல் விட்ட ஒன்றை நான் கண்டுபிடித்துச் சொன்ன பெருமை எனக்கு. வீடு வரும்வரை அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஜெயித்த சந்தோஷம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, மிச்சம் வைத்திருந்த கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.