இந்தியக் கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றிய வெள்ளிக்கிழமை

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில், வந்து நிற்கும் கப்பல்களுக்குக் குழாய் பூட்டி நன்னீர் ஏற்றுவது என் வேலை. எந்த நாட்டுக் கப்பலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் இந்தியப் போர்க்கப்பல் வருகிறதென்றால் மேலிடத்துக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு பக்கம் இறங்குதுறைக்கு வெள்ளையடித்து மாலைக்குச் சொல்வார்கள். மறுபக்கம் வாசலில் காவலைக் கூட்டுவார்கள். அந்த நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிறகு இது இன்னும் கூடிப்போனது.

மூதூரிலிருந்து வரும் என் கூட்டாளி, ஒரு முஸ்லிம் மனிதர், பகிடி விடுவார்: "அண்ணே, உங்கட மாமன் வீட்டுக் கப்பல் வருதாம். பட்டு வேட்டி கட்டேல்லையோ?"

"மாமனுமில்லை, மச்சானுமில்லை. அந்தக் கரையை நான் கண்ணாலயும் காணேல்லை."

சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை குழாயைக் கழற்றும்போது, அந்தக் கப்பலின் தமிழ்நாட்டு மாலுமி ஒருவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, பழனி விபூதி என்று ஒரு பொட்டலம் நீட்டினார். விபூதியை வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

வாசலில் சோதித்த காவலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. விபூதியை அவர் பொருட்படுத்தவில்லை. அதைச் சுற்றியிருந்த இந்தியப் பத்திரிகைத் துண்டுதான் அவரை உறுத்தியது. துறைமுகத்துக்குள் நுழைய வைத்திருந்த என் பாஸைப் பறித்துக்கொண்டு அதிகாரியிடம் கூட்டிப்போனார். பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

கூட்டாளியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். கூந்தல் தைல விளம்பரம்!

"ஐயா, அண்ணரிட தலையைப் பாருங்கோ. அவருக்கு இது அவசரம்."

அதிகாரியும் சிரித்தார். ஆனால் பாஸைத் தரவில்லை. "பெரிய நாடு, பக்கத்தில இருக்கு. நாங்க கவனம்தானே? உன்னில கோவம் இல்ல" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

பதினெட்டு நாள் வீட்டிலிருந்தேன். கோயிலில் கோணேசரிடம் அழுததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பிறகு பாஸ் வந்தது, ஒரு கட்டளையோடு: இந்தியக் கப்பல் நிற்கும் நாட்களில் நான் இறங்குதுறைப் பக்கம் போகக்கூடாது, பின்பக்கக் களஞ்சியத்தில் கயிறு சுருட்ட வேண்டும்.

அந்த விபூதியும் ஓர் அலுவலகக் கடித உறையில் திரும்பி வந்தது. மனைவி அதைச் சாமியறைக் கிண்ணத்தில் கொட்டினாள். "எந்த ஊர் விபூதியெண்டா என்ன, பூசிக்கொண்டு போங்கோ" என்றாள்.

ஓம், பூசிக்கொண்டுதான் போனேன். ஆனால் இந்தியக் கப்பல் வரும் நாட்களில் வாசலுக்குக் கொஞ்சம் முன்னே சைக்கிளை நிறுத்தி, "அப்பனே, பொறுத்துக்கொள்" என்று சொல்லி, சால்வையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வேன்.