கோழியின் இரைப்பையில் என் பட்டறை

கோழி அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கறிக்கு அல்ல. சாட்சிக்கு.

போன வியாழன் காலை நான் அறுத்தேன். நாவற்குடாவில், என் லேத் பட்டறை மேசையில்.

கோழி பின்வீட்டுப் பாக்கியம் அக்காவுடையது. பத்து நாளில் செத்த ஆறாவது கோழி. காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, வெட்டிப் பாருங்க. உள்ளுக்க நஞ்சு இருக்கும். அவன்தான் வெச்சவன்."

அவன் — அக்காவின் சொந்தத் தம்பி குணம். பக்கத்து வளவு. கோழிகள் அவனுடைய கீரைப் பாத்தியைக் கிளறின. "நஞ்சு வெப்பன்" என்று ஒருநாள் கத்தினான். கோபத்தில் யார்தான் கத்துவதில்லை? ஆனால் அடுத்த கிழமையே கோழிகள் சாகத் தொடங்கின.

"விதானையாரிட்ட முறைப்பாடு குடுக்கப் போறன். நீங்கதான் சாட்சி. நீங்க மெத்தக் கதைக்கிற ஆள் இல்ல. சொன்னா நம்புவாங்க."

"நாளைக்குப் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிறதெல்லோ?" என்றேன்.

குணத்தின் மகள் பெரியபிள்ளை ஆகியிருந்தாள். மாமி இவர். முதல் தண்ணீர் இவர்தான் வார்க்க வேண்டும்.

"செத்தாலும் அவன்ட படலையத் தாண்ட மாட்டன்."

இரைப்பையைக் கீறினேன்.

மஞ்சளாக மின்னியது.

அக்கா குனிந்தார். "இதென்ன தம்பி… பொன்னா?"

பொன் இல்லை. பித்தளை. பொடியும் சுருளுமாக. மீன்பிடி வள்ள எஞ்சினுக்கு நான் கடைந்த பித்தளையின் சீவல்.



பட்டறைச் சுத்தத்தில் எனக்குப் பெருமை அதிகம். தரையில் ஒயில் சிந்தினால் மரத்தூள் போட்டுக் கூட்டுவேன். ஒரு சீவல் கிடக்காது. கூட்டியதை? பின்வேலிக்கு மேலால் கொட்டுவேன். "கொட்டுங்க தம்பி, கோழி கிளறட்டும்" என்று அக்காவே சொன்னதுதான். மரத்தூளைக் கோழி திரும்பியும் பார்க்காது. இந்த மாதம் மரத்தூள் கிடைக்கவில்லை. மில்லில் உமி எடுத்தேன். உமியில் குறுநெல் கிடக்கும்… கோழி விடுமா? மின்னியதையும் சேர்த்துக் கொத்தியிருக்கிறது.

"என்ட" என்றேன்.

"என்னது?"

"என்ட குப்பை."

அக்கா என்னையே பார்த்தார். "பளிங்கு மாதிரிப் பட்டறை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனே தம்பி!"

பிறகு குரல் இறங்கியது. "அப்ப… அவன் வெக்கலயா?"

"இல்ல."

"நாசமாப் போவான் எண்டு அவன்ட வாசல்ல மண் அள்ளித் தூத்தினனே…" அப்படியே தரையில் குந்திவிட்டார்.

இரைப்பையைச் சிரட்டையில் வைத்து நானே குணத்திடம் கொண்டுபோனேன். அக்கா படலைக்கு வெளியே நின்றார். நடந்ததைச் சொன்னேன். நாலு சொல்தான்.

அவன் சிரட்டையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"அவ கோபத்தில சொல்லுவா அண்ணன். நீங்களும் நம்பினீங்களா?"

பத்து நாளும் அக்கா சொல்லச் சொல்ல நான் தலையாட்டியிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

கோழி வயிற்றைவிட அதுதான் என்னை உலுக்கியது. அடுத்தவன் நஞ்சு வைத்தான் என்று எவ்வளவு லேசாக நம்பிவிட்டேன்! என் குப்பையை ஒருதரம்கூட நினைக்கவில்லை. கூட்டித் தள்ளியது எங்கே போய் விழுகிறது என்று யார் எட்டிப் பார்க்கிறோம்?

குணம் படலைப் பக்கம் திரும்பினான்.

"என்ன, இன்னும் மண் அள்ளப் போறியா? உள்ளுக்கு வா. பிள்ள மாமியத்தான் கேக்காள்."

அன்று பொழுதுபடும்வரை அக்காவின் வளவில் முழங்காலில் நின்று உமி அள்ளினேன். இப்போது கூட்டுவதெல்லாம் மூடி போட்ட பீப்பாவுக்குள்.

வெள்ளிக்கிழமை அக்காதான் தண்ணீர் வார்த்தார். பந்தியில் எனக்குக் கறி வைத்ததும் அவரே.

"பயப்பிடாமத் தின்னுங்க தம்பி. கடைக் கோழி."

தின்றேன். ஒவ்வொரு துண்டையும் — மெதுவாகக் கடித்துப் பார்த்து.