அண்ணன் வரைந்த முகம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்குத் தங்கை நீதான் எழுத வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுது என்றும் கூடவே சொன்னார்கள். அண்ணனைப் பற்றி எழுதக் கெட்டது என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் வாழ்வில் நடந்த ஒரு காரியத்தை எழுதாமல் விட்டால் இந்த மலரை அச்சடிப்பதில் பொருளில்லை. வாசிக்கும் உறவினர்கள் சிலருக்கு வருத்தம் வரலாம். வந்தால் வரட்டும்.

அண்ணன் மோகனூரில் பிறந்தார். காவிரிக் கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். அண்ணன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமாகிவிட்டார். அதோடு படிப்பை விட்டுவிட்டு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டர் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணமும் நடந்தது. இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பட்டறையில் அடிப்பது எனாமல் பெயிண்ட். வீட்டில் அவர் தொட்டது வாட்டர் கலர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் ஒரு வண்ணப்பெட்டி வாங்கி, தாளைத் தாளாக வீணடித்துத் தானே பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "காகிதத்த நனைக்கப் போயிட்டாருங்க" என்று அண்ணி கேலி செய்வார். எனாமலில் தப்பு வந்தால் காய்ந்த பிறகு மேலே இன்னொரு கோட் அடித்து மறைத்துவிடலாம், இதில் அது நடக்காது, தாளின் வெள்ளைதான் வெளிச்சம், அதைக் கெடுத்தால் கெடுத்ததுதான் என்று எனக்கு ஒருமுறை விளக்கினார். அப்போது நான் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

சேலத்தில் அரசு நடத்தும் ஓர் ஓவியக் கூடத்தில், இந்தப் பக்கத்து ஓவியர்கள் வரைந்த நீர்வண்ணப் படங்களை வாங்கிச் சேர்த்தார்கள். அண்ணன் எடுத்துப்போன படங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் வற்றிய காவிரி மணலில் டயர் தடம் பதிந்த படம் ஒன்று. புதுச்சத்திரம் நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் லாரி ஒன்று. களத்தில் ஜவ்வரிசி காயும் படம் ஒன்று. கடைசியாக எங்கள் பாப்பா.

பாப்பா அண்ணனுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். பள்ளிக்கூடச் சட்டையோடு வாசற்படியில் உட்கார வைத்து அவளை வரைந்தார். ஆடாமல் அசையாமல் உட்காரச் சொன்னதில் அவளுக்குக் கோபம். முன்பல் விழுந்த வாயை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அப்பாவை முறைப்பாள். அந்த முறைப்பு அப்படியே படத்தில் இருந்தது. படம் மாட்டிய அன்று பாப்பாவையும் அழைத்துப் போனோம். வந்தவர்களிடமெல்லாம், "அது நான்தானுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் பாப்பா காய்ச்சலில் போய்விட்டாள். நாமக்கல்லில் பார்த்தோம், சேலத்துக்குக் கொண்டுபோனோம். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

கருமாதிக்குப் படம் வேண்டுமே என்று, பள்ளி அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் நல்லெண்ணத்தில் முகத்தைச் சிவப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி, உதட்டுக்குச் சாயம் ஏற்றிக் கொடுத்திருந்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இது யாரூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் படத்தை யாரும் சுவரில் மாட்டவில்லை. பாப்பாவின் முகம் உள்ளது உள்ளபடி இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அரசாங்கச் சொத்தாகிவிட்டிருந்தது. திருப்பித் தரக் கேட்டார் அண்ணன். சேகரிப்பில் சேர்ந்த படத்தை வெளியே தர விதியில்லை என்றார்கள். அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சொன்னவர்களும் அவர்களேதான்.

பாப்பாவின் திதி அன்று அண்ணனும் அண்ணியும் சேலம் வருவார்கள். என் வீடு அங்கேதான் என்பதால் நானும் உடன் போவேன். வீட்டில் இறந்தவர் படத்துக்குச் செய்வதைப் போலவே, அண்ணி ஒரு சிமிழில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து, படத்தின் கண்ணாடிமேல், பாப்பாவின் நெற்றி இருக்கும் இடத்தில் பொட்டு வைத்துக் குங்குமம் இடுவார். கொஞ்ச நேரம் நிற்பார். நாங்கள் கிளம்பிய பிறகு காவலாளி துணியால் துடைத்துவிடுவார். வேண்டாம் என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு திதிக்குப் போனபோது கூடத்தில் வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். சுவரில் ஈரம் ஏறி, சில படங்களில் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்ததால், சட்டத்தைக் கழற்றி உள்ளறை மேசைமேல் காயப் பரப்பியிருந்தார்கள். "உங்க பாப்பா படம் உள்ள இருக்குதும்மா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் காவலாளி. அண்ணன் வாசலில் யாரோ தெரிந்தவரோடு இரண்டு வார்த்தை பேச நின்றுவிட்டார். அண்ணி முன்னால் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள், வழக்கப்படி மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டார்.

கண்ணாடி இல்லை. விரல் தாளில் பட்டதும்தான் அவருக்கே தெரிந்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தார். சந்தனம் வைத்ததோடு விட்டிருந்தால் ஒருவேளை நெற்றியோடு போயிருக்கும். துடைத்ததில் புருவம் போயிற்று, கண் போயிற்று, இறுக்க மூடிய வாயும் போயிற்று. முந்தானையில் பழுப்பாக ஒரு கறை. தாளில் பள்ளிக்கூடச் சட்டை, இரட்டைச் சடை, நடுவில் சேறு.

அண்ணன் வந்து பார்த்தார். அண்ணியின் கையைப் பிடித்து, "வா புள்ள, ஊட்டுக்குப் போலாம்" என்றார். பேருந்தில் அண்ணி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எம்புள்ளைய ரெண்டாந்தடவ நானே சாகடிச்சுட்டனுங்க." அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரைந்தவரே இருக்கிறாரே, சரிசெய்து கொடுங்கள் என்று கூடத்து அதிகாரி கேட்டார். முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். பிறகு சேதமான படம் என்று எழுதி, சேகரிப்பிலிருந்து நீக்கி, அண்ணனிடமே கொடுத்துவிட்டார்கள். முகத்தோடு இருந்தவரை வீட்டுக்கு வராத படம், முகம் போன பிறகு வந்து சேர்ந்தது.

புதுத் தாளில் மறுபடியும் வரைந்து பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் உட்காருவார். வருவதெல்லாம் யாரோ ஒரு சிறுமி. கிழித்துப் போடுவார். கடைசியில் வண்ணப்பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டவர், பிறகு எடுக்கவேயில்லை. பட்டறை வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். அண்ணி வீட்டில் சந்தனம் குழைப்பதையே விட்டுவிட்டார். ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர் ஒருவர், "பெத்தவளே அழிச்சுட்டா, என்னத்தச் சொல்றது" என்று அண்ணியின் காதில் விழும்படி பேசினார். அவர் பெயரை எழுத மாட்டேன். இந்த மலர் அவர் கைக்கும் போகும்.

ஆண்டுக்கணக்கில் ஸ்பிரே பெயிண்ட் அடித்ததில் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கடைசி நாட்களில் சேலம் மருத்துவமனையில் மூச்சுக்குத் தவித்தார். ஒருநாள் பார்க்க வந்த உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தபோது, அண்ணியைக் கிட்டே கூப்பிட்டார். ஆக்சிஜன் முகக்கவசத்தை விலக்கிவிட்டு, "அந்தப் படத்தையே நெனச்சுட்டு இருக்காத புள்ள. அந்த மூஞ்சி பாப்பா மூஞ்சியே இல்ல. நான் சரியாப் போடல. அழிஞ்சது நல்லதுக்குத்தான்" என்றார். எல்லோரும் கேட்டார்கள். அண்ணி, "ஆமாங்க, எனக்குமே அப்பிடித்தானுங்க பட்டுது" என்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் துயர நாட்களில் எங்களுக்குத் துணை நின்றவர்கள் பலர். ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தவித்தபோது தன் வண்டியைத் தந்த பட்டறை முதலாளிக்கும், முறைபோட்டு மருத்துவமனையில் காத்திருந்த பட்டறைத் தோழர்களுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியங்கள் குறைவின்றி நடக்கத் தோள் கொடுத்த மோகனூர்ப் பங்காளிகளுக்கும், செய்தி கேட்டு வீடு தேடி வந்த ஓவியக் கூடத்துக் காவலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அண்ணன் மருத்துவமனையில் சொன்னது உறவுக்குள் பரவிவிட்டது. "மூஞ்சி சரியா வல்லியாமா, அவரே சொல்லிட்டாராமா" என்று இரண்டு மூன்று வீடுகளில் என்னிடமே சொன்னார்கள். மலருக்கு என்னென்ன எழுதலாம் என்று கேட்கப் போனபோது அண்ணியிடம் இதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"பெத்தவளுக்குத் தெரியாதா அம்மிணி? அது எம்புள்ள மூஞ்சிதான். போறவரு நிம்மதியாப் போவட்டும்னு தலையாட்டினேன். பொஸ்தகத்துல எழுதுங்க. அவரு சரியாத்தான் போட்டிருந்தாரு, நாந்தான் அழிச்சேன்னு எழுதுங்க."

"உங்களப் பத்தி அப்படி எழுத வேண்டாம் அண்ணி" என்றேன்.

"எழுதோணும். இல்லாட்டி அவருக்குப் போடத் தெரியலைன்னு ஆயிரும்" என்றார் அண்ணி.