மலையூர் ஆற்றின் நீலம்

ஆறு கெடுகிறதென்று சாயப்பட்டறைகளைக் கோர்ட் மூடச்சொல்வதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. வீரபாண்டியில் பனியன் துணிக்குப் படம் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில், சாயம் கலக்கும் கலர் மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, எத்தனை கழுவினாலும் நிறம் போகாத விரல்கள். கலர் கலக்கியதும் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார்.

ஜெர்மனியின் பழைய மலையூர் ஒன்றில் சுற்றுலா வருபவர்களுக்கு விற்க, எங்கள் ஏற்றுமதிக் கம்பெனி டீ-சர்ட் ஆர்டர் பிடித்திருந்தது. அதில் அச்சடிக்க வேண்டிய படத்தில் காடு அடர்ந்த மலைகள், உச்சியில் கோட்டை, குறுகிய பள்ளத்தாக்கில் சரிந்த கூரை வீடுகள், நடுவே நீல ஆறு. படத்தில் ஆறு வெளுத்திருக்கிறது என்று, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் சாம்பிளைத் திருப்பிவிட்டார். மாஸ்டரிடம் அதைச் சொல்லப் போனேன்.

அவர் படத்தில் எதையோ தேடினார்.

"ஏனுங்க, இந்த ஊருல சாயப்பட்டறையெல்லாம் எங்கீங்க?"

"அங்க அதெல்லாம் இல்லீங்க மாஸ்டர்."

"ஊருக்கு நடுவுல இத்தன தண்ணி போகுது. ஒண்ணு கூடவா இல்ல?"

"அந்த வேலைக்குத்தான் நாம இருக்கோமுங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம ஆறு நாளைக்கொரு கலர்ல போகுது, ஆரும் கேக்கறதில்லீங்க. அவிங்க ஆறு துளி வெளுத்தா சாம்பிள் திரும்பி வந்துருது."

பையர் வேண்டாமென்ற நீலச் சாயத்தை வாளியோடு தூக்கிக்கொண்டு யூனிட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடைக்குப் போனார். நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் சாக்கடை அது. ஊற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற எங்கீங்க ஊத்தறது?"

ஊற்றினார். கறுத்த நீரில் கலந்து நீலம் அடர்ந்தது. குனிந்து வெயிலில் பார்த்தவர் சொன்னார்:

"இப்பத்தானுங்க அவிங்க கேட்ட ஷேடு வந்திருக்குது."

கிண்டலா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.