பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த புல்லட்

குண்டு மாமா, நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் புல்லட் வந்துவிட்டது.

முன்பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தீர்களே, அதேதான். எடுத்துக்கொள்கிறேனா, அடுத்த ஆளுக்கு விட்டுவிடுகிறேனா என்று இன்றைக்கே சொல்ல வேண்டுமாம். மாடி வீட்டுக் கமலாவைக் கூட்டிக்கொண்டு, கிட்வாய் நகரில் பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன்.

கடைக்கார சர்தார்ஜி உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உங்கள் சைக்கிள் கேரியரில் உட்காருவதுபோலவே பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தேன்.

"அரே பெஹன்ஜி, ஆகே பைட்டியே!" என்று முன் சீட்டைக் காட்டினார்.

"அது எங்க வீட்டுக்காரரு இடம்" என்றேன் தமிழிலேயே.

அவருக்கு என்ன புரிந்ததோ, ஸ்டாண்டில் நின்ற வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டார். குலுங்கிய குலுங்கலில் உங்கள் தோளைப் பிடிக்கக் கை நீட்டினேன். கிடைத்தது கமலாவின் பின்னல்.

"விடுடி! நான் என்ன ஹேண்டில்பாரா?" என்று அலறினாள்.

சர்தார்ஜி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், நீங்கள் போனபின் முதல் தடவையாக. அந்தச் சிரிப்போடு "அச்சா" என்று தலையை ஆட்டிவிட்டேன். வண்டி நம்முடையதாகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கமலா கேட்டாள்: "அது சரி, யாருடி ஓட்டப்போறா?"

நானும் அதைத்தான் கேட்கிறேன், மாமா. உங்களுக்கும் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாதே, யாரை நம்பி இதைப் பதிவு செய்தீர்கள்?